படகு ஸ்டீரியோ பழுதானால்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

படகில் பொருத்திய ஸ்டீரியோ பாடாமல் போனால் முதலில் பழி ஆம்ப்ளிஃபயர் மேல் விழுகிறது, அடுத்து ஹெட் யூனிட், அதாவது பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முகப்புக் கருவி மேல். நான் பார்த்த படகுகளில் பெரும்பாலானவற்றில் இவை இரண்டும் நல்ல நிலையில்தான் இருந்தன. வயரின் இரு முனைகளிலும், ஃபியூஸ் தாங்கியிலும், உப்புக் காற்று புகுந்த லக்கிலும்தான் (வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) கோளாறு இருந்தது. ஆகவே எந்தக் கருவியையும் கழற்றுவதற்கு முன், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவியின் முனைகளில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பதை அளந்துவிட வேண்டும். கீழே வரும் வழிமுறை முழுவதும் இந்த ஓர் அளவீட்டை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

லோடு இல்லாமல் அளந்தால் மல்டிமீட்டர் நம்மை ஏமாற்றிவிடும். மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது என்பதால், ஐம்பது இழைகளில் இரண்டு மட்டுமே அறுபடாமல் மிஞ்சியிருக்கும் வயரும் அதற்கு முழு 12.6 வோல்ட்டைக் காட்டும். அதே வயரில் 30 ஆம்பியர் ஓட வேண்டிய நேரம் வரும்போதுதான் அதன் உண்மை நிலை தெரியும். எனவே பேஸ் (கீழ்த்தாயி ஒலி) மிகுந்த ஒரு பாட்டை ஓடவிட்டு நான்கு அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது, பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே உள்ள வோல்ட். இரண்டாவது, ஆம்ப்ளிஃபயரின் இரு முனைகளுக்கிடையே உள்ள வோல்ட். மூன்றாவது, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் பாசிட்டிவ் வரை உள்ள வித்தியாசம். நான்காவது, நெகட்டிவிலிருந்து நெகட்டிவ் வரை உள்ள வித்தியாசம். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது, மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்த தொகைக்கு ஏறக்குறைய சமமாக இருக்கும். எந்தப் பக்கம் அதிகமாக இழக்கிறதோ, பழுது அந்தப் பக்கம் இருக்கிறது.

தொடங்குமுன் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் எஞ்சின் உள்ள படகில் ஆவி கனமானது. அது அடித்தளத்தில் தேங்கி நிற்கும். எஞ்சின் அறையின் ஊதுவிசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, மூக்கால் மோந்தும் பார்த்த பிறகே பேட்டரி முனையில் ஸ்பேனரை வையுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். கையில் மோதிரமும் உலோகப் பட்டையுள்ள கடிகாரமும் இருக்கக் கூடாது. எஞ்சின் அறையில் வைக்கும் எந்த ரிலேயும் (சிறு மின்னோட்டத்தால் இயக்கப்படும் சுவிட்ச்), எந்தச் சுவிட்சும் தீப்பொறியை வெளியே விடாத, அதற்கெனச் சான்றளிக்கப்பட்ட வகையாக இருக்க வேண்டும். காருக்கு என்று விற்கப்படும் சாதாரண ரிலேயை அங்கே வைக்காதீர்கள்.

ஸ்டீரியோ முற்றிலும் இயங்கவில்லை

ஹெட் யூனிட்டின் பின்னால் வரும் வயர்த்தொகுப்பில் மஞ்சள் நிறம் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டிய பாசிட்டிவ், சிவப்பு சுவிட்ச் வழியாக வரும் பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். செருகியைக் கழற்றி, மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே ஒருமுறை, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே ஒருமுறை அளந்தால் சுவிட்சை இட்ட நிலையில் இரண்டிலும் பேட்டரியின் வோல்ட் வர வேண்டும். இரண்டிலும் வராவிட்டால் கறுப்பு வயரையோ மூல ஃபியூஸையோ பாருங்கள். ஒன்றில் மட்டும் வராவிட்டால் அந்த வயரின் பாதையில் தேடுங்கள்.

இங்கே படகுக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. ஏபிஒய்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கப் படகு மற்றும் யாட் மன்றத்தின் தரநிலையில், 12 வோல்ட் சுற்றின் நெகட்டிவ் கறுப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கலாம். கரையிலிருந்து வரும் மாறுமின்சாரச் சுற்றில் கறுப்பு வயர் மின்சாரம் பாயும் ஆபத்தான வயராக இருப்பதால், குழப்பம் வராமலிருக்கப் பல படகுகளில் நெகட்டிவுக்கு மஞ்சளையே இழுத்திருப்பார்கள். ஸ்டீரியோவின் மஞ்சள் பாசிட்டிவ். படகின் மஞ்சளோ நெகட்டிவ். நிறத்தை நம்பி மஞ்சளோடு மஞ்சளைச் சேர்த்திருந்த ஒரு படகில், இரண்டு ஹெட் யூனிட்களை வாங்கி மாற்றிய பிறகே உரிமையாளர் என்னை அழைத்தார். மீட்டரின் இரு முனைகளையும் செருகியில் வைத்தவுடன் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 0 வோல்ட் என்று காட்டியது, வேலை அவ்வளவுதான். நிறத்தைப் பார்த்து ஊகியுங்கள்; இணைப்பதற்கு முன் அளந்து உறுதி செய்யுங்கள்.

சிவப்பு வயரில் மட்டும் மின்சாரம் வந்து மஞ்சளில் வராமலிருந்தால், சில கருவிகள் இயங்கவே மறுக்கும். சில கருவிகளில் மஞ்சளைச் சுவிட்சுக்குப் பின்னால் இணைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் நேரமும் நிலையங்களும் அழிந்துபோகும். அது பழுது அல்ல, இணைப்பு முறை.

ஹெட் யூனிட் ஒளிர்கிறது, ஒலி வரவில்லை

ஆம்ப்ளிஃபயரின் விளக்கைப் பாருங்கள். அது எரியாவிட்டால், ஹெட் யூனிட்டிலிருந்து நீலமும் வெள்ளையும் கலந்த நிறத்தில் வரும் ரிமோட் வயரை ஆம்ப்ளிஃபயர் முனையில் அளக்க வேண்டும். ஹெட் யூனிட் இயங்கும்போது அங்கே 12 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். முழு நீல நிற வயர் ஆன்டெனாவுக்கானது. சில கருவிகளில் அது வானொலி கேட்கும்போது மட்டுமே மின்சாரம் தரும். வானொலியில் பாடுகிறது, ப்ளூடூத்துக்கு மாற்றியதும் ஆம்ப்ளிஃபயர் அணைகிறது என்று யாராவது சொன்னால், ரிமோட் இணைப்பு நீல வயரில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்.

ரிமோட் வயர் ஒரு சைகைதான். அதனால் சில நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் தர முடியாது. இரண்டு மூன்று ஆம்ப்ளிஃபயர்கள், ஒரு குளிர்விக்கும் விசிறி, ஸ்பீக்கர் வளையத்தில் எரியும் விளக்குகள் என எல்லாவற்றையும் அதில் தொங்கவிட்டால், அதன் வோல்ட் சரிந்து ஆம்ப்ளிஃபயர்கள் எழ மறுக்கும், அல்லது ஹெட் யூனிட்டின் உள்ளே அந்தப் பகுதி எரிந்துவிடும். ரிமோட் வயரால் ஒரு ரிலேயை மட்டும் இயக்கி, மற்றவற்றுக்கு அந்த ரிலே வழியாக ஃபியூஸ் இட்ட தனிப் பாசிட்டிவைக் கொடுங்கள். ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) உள்ள வகையாக இருந்தால், அணைக்கும் நொடியில் எழும் மின்னழுத்த உதைப்பு ஹெட் யூனிட்டைத் தாக்காது.

விளக்கு எரிந்தும் ஒலி இல்லையென்றால், ஒலிச் சைகையைக் கொண்டுசெல்லும் ஆர்சிஏ வயரின் செருகிகளை ஹெட் யூனிட்டிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு கைபேசியின் ஒலியை நேராக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்துப் பாருங்கள். செருகிகளைக் கழற்றுவதும் மாட்டுவதும் மின்சாரத்தை அணைத்த பிறகே நடக்க வேண்டும்.

ஒலியைக் கூட்டினால் அறுந்துபோகிறது, அல்லது ஒவ்வொரு பேஸுக்கும் விளக்குகள் மங்குகின்றன

இதுதான் மிக அதிகமாக வரும் புகார், மிக அதிகமாகத் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான். மெதுவாகப் பாடும்போது ஒரு குறையும் இராது. சற்றே கூட்டியதும் ஒலி கரகரக்கும், பின் ஆம்ப்ளிஃபயர் அணைந்து இரண்டு நொடியில் மீண்டும் எழும். பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்கள் 10 வோல்ட்டை ஒட்டி இறங்கும்போது தம்மைத் தாமே அணைத்துக்கொள்ளும். அணையும் முன்பே கூட, வோல்ட் இறங்க இறங்கத் தரக்கூடிய உச்ச ஒலி குறைந்து, அலையின் தலை வெட்டுப்படும். அந்த வெட்டுப்பட்ட ஒலியைத் தொடர்ந்து வாங்கும் உச்சத்தாயி ஸ்பீக்கர்களின் சுருள் கருகிப்போகும். ஆகவே இதை ஒலித்தரக் குறையாக மட்டும் எண்ணித் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு படகில் நான் எழுதிக்கொண்ட அளவுகள் இவை. பேஸ் அடிக்கும் நேரத்தில் பேட்டரியில் 12.4 வோல்ட், ஆம்ப்ளிஃபயரில் 10.6. நெகட்டிவ் பக்கம் 0.3 மட்டுமே இழந்திருந்தது. பாசிட்டிவ் பக்கம் 1.5. பாசிட்டிவ் வயரின் வழியே மீட்டர் முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனபோது, ஃபியூஸ் தாங்கியின் இரு பக்கங்களுக்கிடையே மட்டும் 1.2 வோல்ட் நின்றது. சுமார் 30 ஆம்பியர் ஓடும் வேளையில் 1.2 வோல்ட் இழப்பு என்றால், அந்தக் கட்டைவிரல் அளவுத் தாங்கிக்குள் 36 வாட் வெப்பம் எழுகிறது என்று பொருள். விரலை வைத்தால் வைத்திருக்க முடியவில்லை. வெளியே தெளிவான பிளாஸ்டிக்காக இருந்த மூடி உள்பக்கம் தேநீர் நிறத்தில் பழுத்திருந்தது. ஃபியூஸின் ஒரு கால் பளபளப்பாகவும் மறு கால் கறுத்தும் இருந்தன. ஃபியூஸ் எரியவில்லை, ஆகவே அதை யாரும் சந்தேகிக்கவில்லை. தாங்கியை மாற்றிய பின் ஆம்ப்ளிஃபயரில் 11.8 வோல்ட் வந்தது. புதிய ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டியிருக்கவில்லை.

லக்கைக் கழற்றும்போது வயரின் உறையைச் சிறிது சீவிப் பாருங்கள். தகரம் பூசாத வெறும் செம்பாக இருந்தால், திறந்த முனையில் நுழைந்த ஈரம் இழைகளுக்கு இடையே ஊர்ந்து உள்ளே வெகுதூரம் போயிருக்கும். உறை வெளியே புதிதாகவே இருக்கும். உள்ளே செம்பு கரும்பழுப்பாகவும் சில இடங்களில் பச்சைத் தூளாகவும் இருக்கும். நல்ல செம்பு தெரியும்வரை விரற்கடை விரற்கடையாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். அப்படி வெட்டி வயர் எட்டாமல் போனால், கறுத்த செம்பின் மேல் புதிய லக்கை அழுத்துவதைவிட முழு வயரையும் மாற்றுவதே நேர்மையான வேலை. படகுக்கு ஒவ்வொரு இழையும் தகரம் பூசப்பட்ட, மெல்லிய இழைகள் பல கொண்ட வயரே பொருத்தம். முனையைச் சரியான கருவியால் கிரிம்ப் செய்து (அழுத்தி இறுக்கி), உள்ளே பசை உருகும் வகை ஹீட் ஷ்ரிங்க் குழாயால் (சூட்டில் சுருங்கும் உறை) மூடுங்கள். வெறும் பற்றவைப்பை மட்டும் நம்ப வேண்டாம். ஈயம் ஊறிய இடத்தில் வயர் விறைத்து, அதன் விளிம்பில் படகின் அதிர்வால் முறிந்துவிடும்.

முனைகள் எல்லாம் சுத்தமாக இருந்தும் இழப்பு நிறைய இருந்தால், வயரின் பருமனே போதவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 400 வாட் தரும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயரின் திறன் சுமார் 80 சதவீதம் என்றால், அது உச்சத்தில் 500 வாட் வாங்கும், 12.5 வோல்ட்டில் அது 40 ஆம்பியர். பேட்டரி 5 மீட்டர் தூரத்தில் இருந்தால், போக வர வயரின் நீளம் 10 மீட்டர். காரில் வண்டியின் உடலே திரும்பும் பாதையாக இருப்பதால் ஒரு வழியை மட்டும் கணக்கிட்டுப் பழகியவர்கள் படகில் தவறுவது இங்கேதான். 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் இந்த 40 ஆம்பியருக்கு 0.69 வோல்ட் இழப்பாகும், 16இல் 0.43, 25இல் 0.28. முக்கியமான சுற்றுகளுக்கு ஏற்கப்படும் 3 சதவீத இழப்பு 12 வோல்ட்டில் 0.36 மட்டுமே. பாட்டு எப்போதும் உச்சத்தில் ஓடுவதில்லை என்பதால் 16 போதும் என்று வாதிடலாம். ஆயினும் நான் 25ஐயே இழுப்பேன், ஏனெனில் இருக்கும் வயர்வழியில் இரண்டாம் முறை வயர் இழுக்கும் வேதனை எனக்குத் தெரியும்.

புரொடெக்ட் விளக்கு எரிகிறது

ஆம்ப்ளிஃபயர் ஆபத்தை உணர்ந்து தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது என்பதற்கான விளக்கு இது. மின்சாரத்தை அணைத்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து எல்லா ஸ்பீக்கர் வயர்களையும் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குங்கள். விளக்கு இன்னும் எரிந்தால், ஆர்சிஏ செருகிகளையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் எரிந்தால், வோல்ட்டும் சரியாக இருந்தால், ஆம்ப்ளிஃபயர் உண்மையிலேயே பழுதாகியிருக்கிறது. ஸ்பீக்கர்களைக் கழற்றியதும் விளக்கு அணைந்துவிட்டால் குற்றம் ஸ்பீக்கர் பக்கம்.

கழற்றிய நிலையில் ஒவ்வொரு ஜோடியின் மின்தடையையும் அளக்க வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3 முதல் 3.8 ஓம் வரை காட்டும். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகக் கட்டினால் 2 ஓம் ஆகும். இரு சேனல்களைப் பிரிட்ஜ் செய்து (ஒரே ஸ்பீக்கருக்காக ஒன்றுசேர்த்து) ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்களில் பல 4 ஓமுக்குக் கீழே தாங்காது. அடுத்து, ஸ்பீக்கரின் ஒவ்வொரு வயருக்கும் படகின் நெகட்டிவுக்கும் இடையே, உலோகத் தூண் அல்லது உலோக உடல் இருந்தால் அதற்கும் இடையே அளந்து, எங்கும் தொடர்பு இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். இன்றைய ஹெட் யூனிட்களிலும் பல ஆம்ப்ளிஃபயர்களிலும் ஸ்பீக்கரின் நெகட்டிவ் என்று குறிக்கப்பட்ட முனை நெகட்டிவ் அல்ல. அதிலும் மின்னழுத்தம் உண்டு. மேல்நிலைத் தூணில் பொருத்திய ஸ்பீக்கர்களில், குழாயின் துளை விளிம்பில் உரசி வயரின் உறை கிழிவது வழக்கமான கோளாறு. நின்றபடி சோதித்தால் சரியாக இருக்கும். அலையில் ஓடும்போது மட்டும் புரொடெக்ட் எரியும். மீட்டரை மாட்டி வைத்துக்கொண்டு ஒருவர் தூணைக் குலுக்க வேண்டும். துளைக்கு ரப்பர் வளையம் இடுவது இந்தக் கோளாறு வராமல் காக்கும் எளிய வழி.

அரைமணி நேரம் பாடிய பிறகே விளக்கு எரிந்தால் அது வெப்பம். மூடிய இருக்கைப் பெட்டிக்குள், உயிர்காப்பு உடைகளுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

பெரிய ஃபியூஸை இட்டுப் பார்ப்பது என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்றுவதற்கு. வயர் தாங்கும் அளவைவிடப் பெரிய ஃபியூஸ் இட்டால், அடுத்த முறை ஃபியூஸாக எரியப்போவது வயர்தான். நிலத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடலாம். நீரில் அது முடியாது. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட வயருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதால் ஏபிஒய்சி அந்தத் தூரத்தை 7 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 18 சென்டிமீட்டருக்குள் வைக்கச் சொல்கிறது. பேட்டரி முனையிலிருந்தே தொடங்கும் வயர் முழுவதும் கூடுதல் உறைக்குள் போனால் 72 அங்குலம் வரை விலக்கு உண்டு.

இட்ட நொடியிலேயே ஃபியூஸ் போனால் ஷார்ட், அல்லது பாசிட்டிவும் நெகட்டிவும் மாறியிருக்கின்றன; தலைகீழ் இணைப்பிலிருந்து காக்கும் டையோடு பல ஆம்ப்ளிஃபயர்களில் ஃபியூஸை வேண்டுமென்றே எரிக்கும். நேரம் கழித்துப் போனால், எரிந்த ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடு இழை சிதறியிருந்தால் மிகை மின்னோட்டம். இழை ஒழுங்காக இருந்து ஒரு கால் ஓரத்தில் பிளாஸ்டிக் உருகியிருந்தால், தாங்கியின் பிடி தளர்ந்திருக்கிறது.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம்

ரீங்காரத்தின் சுருதி எஞ்சின் வேகத்தோடு ஏறினால் அது எஞ்சினால் சுழன்று பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. எஞ்சின் அணைந்தும் ஒரே சுருதியில் நீடித்தால் பேட்டரி சார்ஜர், இன்வெர்ட்டர் அல்லது எல்இடி விளக்குகளின் மின்மாற்றுச் சுற்றைத் தேடி, ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

ஆல்டர்னேட்டர் ரீங்காரத்துக்கு, எஞ்சின் ஓடும்போது ஒலியளவைப் பூஜ்யத்துக்குக் குறைக்க வேண்டும். ரீங்காரமும் சேர்ந்து குறைந்தால், அது ஹெட் யூனிட்டுக்கு முன்பே நுழைகிறது. பெரும்பாலும் கைபேசியைச் சார்ஜரிலும் ஒலி வயரிலும் ஒரே நேரத்தில் மாட்டியிருப்பதுதான் காரணம். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். ஒலியளவு பூஜ்யமான பிறகும் ரீங்காரம் அப்படியே இருந்தால், அது ஹெட் யூனிட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே நுழைகிறது. இரு கருவிகளின் நெகட்டிவும் படகில் வெவ்வேறு இடங்களில் இணைந்திருந்தால், அந்த இரு இடங்களுக்கிடையே உள்ள சிறு வோல்ட் வித்தியாசத்தால் ஆர்சிஏ வயரின் உலோக வலை உறை வழியாக மின்சாரம் ஓடி ஒலியோடு கலக்கிறது. இரண்டையும் ஒரே நெகட்டிவ் பஸ் பாருக்கு (பல வயர்கள் ஒன்றுசேரும் உலோகப் பட்டை) கொண்டுவருவதே நிரந்தரத் தீர்வு. சந்தையில் கிடைக்கும் ரீங்காரத் தடுப்பான்களை இதைச் செய்த பிறகும் பலனில்லாவிட்டால் மட்டுமே நாடுங்கள். அவற்றில் மலிவானவை பேஸைக் கரைத்துவிடும்.

படகின் உடலையோ எஞ்சினின் உலோக உடலையோ நெகட்டிவ் பாதையாகப் பயன்படுத்தவே கூடாது. ஃபைபர் கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது. அலுமினியம் கடத்தும், அதனாலேயே ஆபத்து, ஏனெனில் உடலின் வழியே கசியும் மின்சாரம் நீரில் மூழ்கிய உலோகத்தை அரித்துத் தின்றுவிடும்.

ரீங்காரம் திடீரென்று ஒருநாள் தோன்றினால் ஆம்ப்ளிஃபயரின் நெகட்டிவ் லக்கை உடனே சோதியுங்கள். அது தளர்ந்தால், முழு மின்னோட்டமும் ஆர்சிஏ வயரின் மெல்லிய உலோக உறை வழியே ஹெட் யூனிட்டைத் தேடிப் போகும். ஹெட் யூனிட்டின் ஆர்சிஏ வெளியுறைக்கும் அதன் உலோக உடலுக்கும் இடையே ஓர் ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டிய மின்தடை பெருகியிருந்தால், உள்ளே இருக்கும் அந்த நுண்ணிய இணைப்பு ஏற்கெனவே எரிந்துவிட்டது.

எஞ்சினைக் கிளப்பும்போது ஸ்டீரியோ அணைந்து எழுகிறது

கிளப்பும் நொடியில் ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியை 10 வோல்ட்டுக்குக் கீழே இழுத்துவிடக்கூடும். ஸ்டீரியோவை எஞ்சின் பேட்டரியிலிருந்து பிரித்து, விளக்கு போன்ற படகின் மற்றத் தேவைகளுக்கான தனிப் பேட்டரிக்கு மாற்றுவதே வழி. ஏற்கெனவே இரண்டு பேட்டரி இருந்தும் இது நடந்தால், தேர்வு சுவிட்ச் இரண்டையும் சேர்க்கும் நிலையில் நிற்கிறது. வோல்ட்டை உணர்ந்து இணைக்கும் ரிலே உள்ள படகில், அது 13.3 வோல்ட் அளவில் இரு பேட்டரிகளையும் சேர்த்து, 12.8 அளவில் பிரிக்கிறதா என்று கவனியுங்கள். பிரியாமல் ஒட்டிக்கொண்ட ரிலே இதே அறிகுறியைத் தரும். எஞ்சின் ஓடும்போது சுவிட்சை முற்றிலும் அணைத்துச் சோதிக்க வேண்டாம்; ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போய்விடும்.

மறுநாள் காலையில் எஞ்சின் கிளம்பவில்லை

நங்கூரமிட்டு மாலை முழுவதும் பாட்டுக் கேட்டபின் இது நடந்தால் பழுது என்று எதுவும் இல்லை. பேட்டரியைப் பிரிக்காததுதான் குறை. பாட்டே கேட்காமல் இரண்டு மூன்று நாள் நின்ற படகில் நடந்தால் ஏதோ ஒன்று தூங்காமல் இருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக வையுங்கள். அந்நிலையில் எஞ்சினைக் கிளப்ப முயலவே கூடாது. ஹெட் யூனிட்டின் நினைவுக்கு மட்டும் சில மில்லி ஆம்பியர் போகும். 10 மில்லி ஆம்பியர் என்றாலும் ஒரு மாதத்துக்கு 7 ஆம்பியர்-மணி அளவே. மீட்டரில் 1 ஆம்பியர் தெரிந்தால், ரிமோட் வயர் எப்போதும் மின்சாரத்தில் இருப்பதால் ஆம்ப்ளிஃபயர் அணையாமல் விழித்திருக்கிறது. நாளுக்கு 24 ஆம்பியர்-மணி என்ற கணக்கில், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதி இரண்டே நாளில் தீர்ந்துவிடும். அவ்வகை பேட்டரியைப் பாதிக்கு மேல் தீர்த்தால் அதன் ஆயுள் குறுகும்.

இந்த அறிகுறியை நான் மிகுந்த கவலையோடு பார்க்கிறேன். படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் பெரும்பாலும் அதே பேட்டரியை நம்பியிருக்கிறது. ஸ்டீரியோ குடித்துத் தீர்த்த பேட்டரியில் பம்ப் ஓடாது. யாரும் இல்லாத நேரத்தில் படகு கட்டிய இடத்திலேயே மூழ்கும்.

ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரி 12.6க்கு மேல் நிறைவு, 12.2 அளவில் பாதி, 12க்குக் கீழே ஏறக்குறைய காலி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இந்தக் கணக்கு செல்லாது. அது தீரும் தறுவாய் வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், பிறகு அதன் காப்புச் சுற்று ஒரே நொடியில் துண்டித்துவிடும். அதற்கு ஆம்பியர்-மணியை எண்ணும் மானி தேவை.

பாடுகிறது, ஆனால் பேஸ் இல்லை

ஒரு ஸ்பீக்கரின் இரு வயர்களும் இடம் மாறியிருந்தால், ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்து, பேஸ் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒலியை ஒரு பக்கமாகத் திருப்பியதும் பேஸ் கூடினால் இதுதான் காரணம். வயர்களை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பாசிட்டிவைப் பாசிட்டிவில் வைத்தால் கூம்பு வெளியே தாவ வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் பேஸ் வராவிட்டால், ஸ்பீக்கரின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் பலகையின் இடைவெளி வழியே கலக்கின்றன; விளிம்பில் நுரைப் பட்டை இட்டு இறுக்குங்கள்.

ஸ்டீரியோ நன்றாக இருக்கிறது, மற்றவை கெடுகின்றன

பழுதுநீக்கம் முடிந்தது என்று கருவிகளை எடுத்து வைக்குமுன் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும். கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்கள் உள்ளே மிக வேகமாக மின்சாரத்தை வெட்டி ஒட்டுகின்றன; அந்த இரைச்சல் படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் வானொலியையும், அருகில் உள்ள கப்பல்களை அடையாளம் காட்டும், 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஏஐஎஸ் கருவியையும் செவிடாக்கக்கூடும். எல்இடி விளக்குகள் இப்படிச் செய்வதைப் பற்றி அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் எச்சரிக்கை விடுத்து, ஓர் எளிய சோதனையையும் சொன்னது. அது ஸ்டீரியோவுக்கும் பொருந்தும். ஸ்டீரியோவை அணைத்து, விஎச்எஃப் வானொலியை அமைதியான ஒரு சேனலில் வைத்து, இரைச்சல் கேட்கும்வரை ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகு) தளர்த்தி, பின் இரைச்சல் சற்றே அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது ஸ்டீரியோவை இயக்குங்கள். இரைச்சல் மீண்டும் எழுந்தால், தொலைவிலிருந்து வரும் மெலிந்த அபாய அழைப்பு உங்கள் காதுக்கு எட்டாது. ஆம்ப்ளிஃபயரை ஆன்டெனா வயரிலிருந்து விலக்கி, மின்வயர்களில் இரைச்சலை உறிஞ்சும் ஃபெரைட் வளையங்களை இட்டு, மீண்டும் சோதியுங்கள்.

திசைகாட்டிக்கு ஸ்பீக்கரின் காந்தம் எதிரி. ஸ்டீரியோ அணைந்திருந்தாலும் காந்தம் காந்தமே. படகு கட்டிய நிலையில் திசைகாட்டியின் பாகையைக் குறித்துக்கொண்டு, ஸ்பீக்கரை அதன் இடத்துக்குக் கொண்டுவரும்போது முள் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் ஸ்பீக்கருக்கு வேறு இடம் தேட வேண்டும். ஸ்பீக்கரை மாட்டும்போது நகராத முள், பாட்டைக் கூட்டும்போது மட்டும் ஆடினால் காரணம் அருகே ஓடும் மின்வயர். பாசிட்டிவையும் நெகட்டிவையும் ஒன்றோடொன்று முறுக்கி இழுத்தால், இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று ஈடுகட்டி முள் தன் இடத்தில் நிற்கும்.